ஓல்டிங் சுவர்

செயின்ட் லூயிஸ்
4 ஜனவரி 1959

ஹ்யூகோ,

'அன்புள்ள' என்று தொடங்கக் கை வரவில்லை. நீ தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டாய். தொடங்கியிருந்தால்தான் சந்தேகப்பட்டிருப்பாய்.

லியோனாவுக்கு நுரையீரலில் புற்று. வசந்தம் வரைக்கும் தாங்கலாம் என்கிறார் மருத்துவர். 'தாங்கலாம்' என்று சொல்லும்போது அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் மனைவியைப் பற்றி உனக்கு எழுத வேண்டியதில்லை. ஆனால் அவள் கேட்பது உன் கையில் இருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

நம் பண்ணைக் கல்லறையில், கல் சுவருக்குள், எனக்கும் என் மனைவிக்கும் இடம் உண்டு. அப்பா இருந்தபோதே குறித்த இடம். அவள் மகன் நார்பர்ட் அந்தச் சுவருக்கு வெளியே, வேலிக்கும் ஓடைக்கும் நடுவே கிடக்கிறான். நீ போட்ட இடம். லியோனா கேட்பது ஒன்றுதான். தான் போவதற்குள் பையனை உள்ளே மாற்ற வேண்டும். தனக்குக் குறித்த இடத்துக்குப் பக்கத்தில்.

நான்கு வயதில் என் வீட்டுக்கு வந்தவன் அவன். நீதிமன்றத்தில் அவனுக்கு நம் பெயரைக் கொடுத்தேன். என்னை 'அப்பா' என்றும் உன்னைச் 'சித்தப்பா' என்றும் கூப்பிட்டவன். கல்லூரி வேண்டாம், சித்தப்பாவின் பண்ணைதான் வேண்டும் என்று உன்னிடம் வந்தான். நான் தடுத்தேன். நீ 'விடு அண்ணா, நான் பாத்துக்குறேன்' என்றாய். பதினைந்து மாதத்துக்கு முன் உன் சைலோவுக்குள், அந்தத் தீவனக் கோபுரத்துக்குள், இறங்கினான்; உயிரோடு ஏறவில்லை. ஊறும் சோளத் தீவனத்திலிருந்து எழும் விஷக்காற்றைப் பற்றிப் பிறந்ததிலிருந்து பண்ணையில் இருப்பவனுக்குத் தெரியும். ஊதுவிசிறியை ஓட்டாமல் யாரையும் உள்ளே விடக் கூடாது என்றும் தெரியும். அந்தப் பையனுக்கு யார் சொல்லியிருக்க வேண்டும்?

அந்தக் காலையைப் பற்றி என் வக்கீல் உன்னிடம் கேட்டார். நீ பதில் சொல்லவில்லை. நான் இப்போது அதைக் கேட்கவில்லை. சுவரைப் பற்றி மட்டும் கேட்கிறேன்.

எர்வின்


ஓல்டிங் பண்ணை
15 ஜனவரி 1959

எர்வின் அண்ணா,

லியோனா அண்ணிக்கு இப்படி ஆனது எனக்கு வருத்தம். அதை அவளிடம் சொல்.

நீ கேட்பதை நான் செய்ய முடியாது. அப்பா கடைசியாக என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது உனக்குத் தெரியாது. நீ அன்றைக்கு நகரத்தில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாய். "ஹைன்ரிஷ் தாத்தா கடல் தாண்டி வந்து கட்டின சுவருடா. உள்ள நம்ம ரத்தம் மட்டும். பொண்டாட்டிங்க நம்மோட வருவாங்க, அவ்வளவுதான்" என்றார். நான் சரி என்றேன். பண்ணையில் வைத்த வேலையாட்கள் எத்தனையோ பேர் இங்கே செத்திருக்கிறார்கள். ஒருவரும் உள்ளே இல்லை. அத்தை வளர்த்து, சின்ன வயதிலேயே அம்மைக்குச் செத்த பெண்கூட உள்ளே இல்லை. நீதிமன்றம் பெயர் கொடுக்கும். ரத்தம் கொடுக்காது.

அண்ணிக்கு இடம் இருக்கிறது. அதை யாரும் தொட மாட்டார்கள்.

உனக்கு எல்லாவற்றுக்கும் ஆதாரம் வேண்டும். சரி. ஹைன்ரிஷ் தாத்தா அப்படிச் சொல்லவில்லை என்று ஆதாரம் கொண்டுவா. ஜெர்மனியில் நம் ஆட்கள் வேற்று ரத்தத்தைத் தங்களோடு படுக்கவைத்தார்கள் என்று காட்டு. நான் மண்வெட்டியை எடுக்கிறேன். நீ லத்தீன் படித்தவன். உனக்கு இது பெரிய வேலையா?

பன்றி அறுப்பு முடிந்தது. தொத்திறைச்சி கொஞ்சம் அனுப்பியிருக்கிறேன், அண்ணி சாப்பிட்டால்.

ஹ்யூகோ


வீஸன்டோர்ஃப், ஓஸ்னாப்ரூக் அருகே
9 பிப்ரவரி 1959

ஹ்யூகோ,

முத்திரையைப் பார்த்திருப்பாய். ஆமாம், ஜெர்மனிக்கு வந்துவிட்டேன். கல்லூரியில் அரை வருஷ விடுப்பு கேட்டேன். முதல்வர் மறுபேச்சில்லாமல் கொடுத்தார். முப்பது வருஷம் அவர்களுக்கு லத்தீன் சொல்லிக்கொடுத்தவன் இல்லாமல் அவர்கள் எவ்வளவு நிம்மதியாக இருப்பார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. லியோனாவை அவள் தங்கை வீட்டில் விட்டிருக்கிறேன். அவள் என்னைத் தடுக்கவில்லை. "போய்ட்டு வாங்க" என்றாள், கடைக்குப் போகிறவனிடம் சொல்வதுபோல.

முதலில் இடுகாட்டுக்குப் போனேன். ஓல்டிங் என்று ஒரு கல்கூட இல்லை. குழி வெட்டும் கிழவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். இங்கே கல்லறைக்குத் தவணை உண்டாம். முப்பது வருஷம். அதற்குப் பிறகு வீட்டார் புதுப்பிக்காவிட்டால் கல்லைப் பிடுங்கிவிட்டு அதே குழியில் அடுத்த ஆளைப் போடுகிறார்கள். "உங்க ஹைன்ரிஷோட அப்பாவா? அவருக்கு மேல நாலு பேரு படுத்தாச்சு சார். கீழ ஒருத்தரு இருந்தாருன்னு அவங்களுக்கே தெரியாது." நீயும் அப்பாவும் காவல் காத்த சுவர் எந்த நாட்டு வழக்கம் என்று யோசி. இந்த நாட்டு வழக்கம் இல்லை.

பிறகு பண்ணைக்குப் போனேன். ஓல்டிங் பண்ணை அப்படியே இருக்கிறது. ஒரே கூரைக்குக் கீழே மாடும் மனிதனும் இருக்கிற நீண்ட வீடு. அறுபதைத் தாண்டிய ஒருவர் சாணம் அள்ளிக்கொண்டிருந்தார். "ஓல்டிங்?" என்றேன். "ஆமா" என்றார். எனக்கு என்ன ஆயிற்றோ தெரியவில்லை, கட்டிப்பிடித்துவிட்டேன். உன்னைக்கூட அப்படிப் பிடித்ததில்லை. அவர் சாணக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

"நாம சொந்தக்காரங்க. ஒரே ரத்தம்" என்றேன்.

"ரத்தமா? நான் நீஹௌஸ் வீட்டுப் பையன். குன்றுக்கு அந்தாண்ட."

"அப்ப ஓல்டிங்?"

"அது வீட்டுப் பேருங்க. நான் டோராவைக் கட்டிக்கிட்டு இங்க வந்தேன். வந்த அன்னிக்கே ஊரு என்னை ஓல்டிங்னு கூப்பிட ஆரம்பிச்சிடுச்சு. சர்க்காரு காகிதத்துல நீஹௌஸ். அதை யாரு பாக்கறா? இந்த அடுப்பை எவன் பத்த வைக்கிறானோ அவன் ஓல்டிங்."

அவர் பெயர் குஸ்டாவ். மாமனாரும் வேறு வீட்டிலிருந்து வந்து இந்தப் பெயரை எடுத்தவர். அவருக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான் இருக்கலாம் என்கிறார். "உங்க ஊர்ல பேரு ரத்தத்துல ஓடுதோ? இங்க அது சுவத்துல ஒட்டிக்கிட்டு இருக்கு."

களஞ்சியத்தின் வாசல் உத்தரத்தில் செதுக்கியிருக்கிறது. இங்கே புதுக் கட்டடம் எழுப்பினால் கட்டின தம்பதியின் பெயர்களைக் கதவுக்கு மேலே செதுக்குவார்கள். மணந்து வந்தவர் யாரானாலும், ஆணானாலும், பிறந்த வீட்டுப் பெயரும் இருக்கும். களஞ்சியத்தில் இருப்பது இது: 'ஹெர்மன் ஓல்டிங், பிறந்த வீடு க்ரூஸெ. அன்னா மரியா ஓல்டிங். 1835.'

அன்னா மரியா நம் கொள்ளுப்பாட்டியின் பெயர். ஆனால் அவள் கணவர் ஹைன்ரிஷ். இந்த ஹெர்மன் யார்? வீட்டின் பெரிய கதவுக்கு மேலே இன்னொரு உத்தரம் இருக்கிறது. போரின்போது விமானக் குண்டுத் தீக்குப் பயந்து சுண்ணாம்பு அடித்து மூடியிருக்கிறார்கள். மரம் பனியில் ஊறியிருக்கிறது. காய்ந்த பிறகுதான் சுரண்ட முடியும், இல்லாவிட்டால் எழுத்தும் சேர்ந்து வரும் என்கிறார் குஸ்டாவ்.

காத்திருக்கிறேன்.

டோரா எனக்குப் பக்வீட் என்ற தானிய மாவு அப்பமும் பன்றித் தொடையும் போட்டாள். தட்டைக் காலி செய்ததும், "அமெரிக்காவுல சோறே போட மாட்டாங்களா?" என்றாள். மனைவி எங்கே என்று கேட்டாள். படுக்கையில் என்றேன். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "முடியாதவளை விட்டுட்டு உத்தரம் பாக்க வந்தீங்களா?"

காரணம் உனக்குத் தெரியும். நீ கேட்டாய்.

எர்வின்


ஓல்டிங் பண்ணை
14 பிப்ரவரி 1959

அண்ணா,

இதை விமானத் தபாலில் அனுப்புகிறேன்.

அண்ணி இங்கே இருக்கிறாள். போன சனிக்கிழமை அவள் தங்கை காரில் கொண்டுவந்து இறக்கினாள். முன்னால் சொல்லவில்லை. நான் கொட்டிலிலிருந்து வந்தபோது சமையலறையில் உட்கார்ந்திருந்தாள். தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. "எங்க படுக்கறதுன்னு சொல்லு ஹ்யூகோ" என்றாள். அம்மாவின் அறையைக் கொடுத்தேன்.

மெலிந்துவிட்டாள். நீ வீட்டை விட்டுப் போனபோது எப்படி இருந்தாளோ தெரியாது. இப்போது மாடி ஏற நான் தாங்க வேண்டியிருக்கிறது. இருமினால் கைக்குட்டையைச் சட்டென்று மடித்துக்கொள்கிறாள். நான் பார்க்கவில்லை என்று நினைக்கிறாள்.

மத்தியானத்தில் வெயில் வந்தால் கல்லறைப் பக்கம் ஒரு நாற்காலி போடச் சொல்கிறாள். சுவருக்கு வெளியே, அவன் பக்கத்தில். கம்பளி சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நான் அங்கே போவதில்லை என்று உனக்குத் தெரியும். இப்போது போக வேண்டியிருக்கிறது. கூட்டிக்கொண்டு போக, பிறகு கூட்டிக்கொண்டு வர.

தபால்காரன் வரும்போது பார்க்கிறாள். கேட்பதில்லை.

திரும்பி வா. உத்தரம் எங்கேயும் போய்விடாது.

ஹ்யூகோ


வீஸன்டோர்ஃப்
23 பிப்ரவரி 1959

ஹ்யூகோ,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. அன்றைக்குத்தான் வெயில் அடித்தது. மரம் காய ஆரம்பித்திருந்தது. இவ்வளவு தூரம் வந்துவிட்டு, ஏணி சாத்தியிருக்கும்போது, கிளம்பச் சொல்கிறாயா? உன்னால் அப்படிச் சொல்ல முடியும். வாழ்க்கை முழுக்க உனக்கு எல்லாம் தானாக வந்தது. அப்பா எனக்குப் படிப்பைக் கொடுத்தார், உனக்கு மண்ணைக் கொடுத்தார். படிப்பு யாரையும் எந்தச் சுவருக்குள்ளும் சேர்க்காது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இப்போது கேள்.

குஸ்டாவும் நானும் சனிக்கிழமை முழுக்கச் சுரண்டினோம். கம்பித் தூரிகை இல்லை, பன்றி மயிர்த் தூரிகை. ஓர் எழுத்து, பிறகு இன்னொன்று. டோரா கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "விழுந்துட்டீங்கன்னா உங்க பேரையும் அங்க செதுக்கிடுவோம்" என்றாள். வீட்டு உத்தரத்தில் இருப்பது:

'யோஹான் ஹைன்ரிஷ் ஓல்டிங், பிறந்த வீடு டெப்பெ. அன்னா மரியா ஓல்டிங். தங்கள் மணநாளில் இந்த வீட்டைக் கட்டினார்கள். 1846.'

புரிகிறதா? அதே அன்னா மரியா. பண்ணை அவளுடையது. முதலில் ஹெர்மனை மணந்தாள், அவன் ஓல்டிங் ஆனான், செத்தான். பிறகு ஹைன்ரிஷை மணந்தாள், அவனும் ஓல்டிங் ஆனான். மணநாள் 1846. நீ வெளியே போய் அப்பாவைப் பெற்ற வில்ஹெல்ம் தாத்தாவின் கல்லைப் பார். சுவருக்குள், ஹைன்ரிஷின் வலது பக்கம். பிறந்தது 1841.

வில்ஹெல்ம், ஹெர்மனின் மகன்.

டோராவிடம் சொன்னேன். அவளுக்கு ஆச்சரியமே இல்லை. "அந்த ரெண்டாவது புருஷனா? எங்க வீட்டுல எப்பவும் சொல்லுவாங்க. அன்னா மரியா செத்ததும் மூத்த பொண்ணு ஒருத்தனைக் கட்டி வீட்டுக்குள்ள கொண்டுவந்துட்டா. புதுசா ஒரு ஓல்டிங் வந்தப்புறம் பழையவனுக்கு இங்க என்ன இடம்? துணி மூட்டையோட கிளம்பினான். கூட அவ தம்பி, அந்தச் சின்னவனையும் இழுத்துக்கிட்டுப் போயிட்டான். இங்க விட்டா அக்கா வீட்டுலயே மாடு மேய்ச்சுக்கிட்டுக் கிடப்பான்னு." தனக்குப் பிறக்காத பையனை. அமெரிக்காவில் ஹைன்ரிஷுக்குப் பிறந்த இரண்டு குழந்தைகளும் ஆற்றங்கரைக் காலராவில் போய்விட்டன. நீயும் நானும் அந்தப் பையன் வழி.

நம் சுவருக்குள் முதலில் படுத்த இரண்டு பேர் யார் ஹ்யூகோ? ஒரு மாற்றாந்தகப்பனும், அவன் வளர்த்த பிள்ளையும். அவர்களுக்கு நடுவில் ஒரு துளி ரத்தம் கிடையாது. வில்ஹெல்ம் தாத்தாவுக்குத் தெரியும். அவர் வாயைத் திறக்கவில்லை. அப்பா கேட்காமலே ரத்தம் என்று நினைத்துக்கொண்டார். நீ அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஆமாம் போட்டாய். சட்டப்படி நடக்கிறவன் நீ. அப்படியானால் ஹைன்ரிஷைத் தோண்டி ஓடைப்பக்கம் போடு. முடியாதென்றால் நார்பர்ட்டை உள்ளே கொண்டுவா. மூன்றாவது வழி இல்லை.

நாளை பெரிய ஊருக்குப் போகிறேன். இரண்டு உத்தரங்களையும் ஒழுங்காகப் புகைப்படம் எடுக்க ஆள் வேண்டும். பாதிரியார் கையெழுத்தும் வாங்கப் போகிறேன், நீ வெளிச்சம் சரியில்லை என்று சொல்லாமல் இருக்க. வாரக் கடைசியில் திரும்பிவிடுவேன். குஸ்டாவ் எடுத்த படங்களை இதோடு வைத்திருக்கிறேன்.

லியோனாவிடம் ஜெயித்துவிட்டேன் என்று சொல்.

எர்வின்


ஓல்டிங் பண்ணை
5 மார்ச் 1959

அண்ணா,

தந்தி கொடுத்தேன். நீ தங்கியிருந்த விடுதியில் நீ இல்லை என்று பதில் வந்தது. அதனால் எழுதுகிறேன்.

அண்ணி போன வியாழக்கிழமை காலையில் போய்விட்டாள். சனிக்கிழமை புதைத்தோம். உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது.

நடந்ததை எழுதுகிறேன். எனக்கு நீளமாக எழுத வராது.

வந்த முதல் வாரம் அவள் உருளைக்கிழங்கு சீவினாள், முடியாதபோது நிறுத்தினாள். ஒரு நாள் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டே, "ஹ்யூகோ, அன்னிக்குக் காலையில என்ன நடந்துச்சு?" என்றாள். சாதாரணமாகக் கேட்டாள். மழை பெய்ததா என்று கேட்கிற மாதிரி.

என்னிடம் வக்கீல் கேட்டிருக்கிறான். ஷெரிஃப் கேட்டிருக்கிறார். நீ கடிதத்தில் கேட்டிருக்கிறாய். யாரும் என் எதிரில் உட்கார்ந்து கேட்கவில்லை.

சொன்னேன். எல்லாவற்றையும். உனக்கு அதை எழுத மாட்டேன்.

அவள் அழவில்லை. மீதிக் கிழங்கைச் சீவி முடித்தாள். தண்ணீரில் போட்டாள். பிறகு, "சரி. என்னை அவன் பக்கத்துல வெளிய போட்டுரு. உங்கப்பா சுவரு அப்படியே இருக்கட்டும். எனக்கு உள்ள வேணாம்" என்றாள்.

நான் ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. திங்கட்கிழமை கடப்பாரையை எடுத்துக்கொண்டு போய்க் கிழக்குச் சுவரைப் பிரிக்க ஆரம்பித்தேன். பையனை நான் தோண்டப் போவதில்லை. ஒரு தடவை புதைத்தது போதும். சுவரை நகர்த்தலாம் என்று தோன்றியது. ஓடைப்பக்கம் தள்ளிக் கட்டினால் அவனும் உள்ளே வருவான், அவளும் வருவாள்.

அவள் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "இது எதுக்கு?" என்றாள். "கல்லு சரிஞ்சிருக்கு அண்ணி" என்றேன். "பொய் சொல்லாத. அந்தக் கல்லு வேணாம், அடியில இருக்கறத எடு. மேல இருக்கறது உன் தலையில விழும்." அப்புறம் தினமும் அதட்டல்தான். எந்தக் கல் எங்கே என்று அவள்தான் சொன்னாள். ஒரு நாள் சிரித்தாள்கூட, நான் காலில் போட்டுக்கொண்டபோது. "ஓல்டிங் ஆளுங்களுக்குத் தலையிலயும் கல்லு, கால்லயும் கல்லு."

உத்தரம், ஆதாரம் எதுவும் அப்போது என்னிடம் இல்லை. ஜெர்மனியிலிருந்து வந்த உன் முதல் கடிதம் இருந்தது. அதை அவளுக்குப் படித்துக்காட்டினேன். குழி வெட்டுகிறவர் சொன்னது அவளுக்குப் பிடித்திருந்தது. முடிந்ததும், "இது உன் பேருக்கு வந்ததா?" என்றாள். ஆமாம் என்றேன். "எனக்கு ஒண்ணும் வரலையா?" இல்லை என்றேன். அவள் மறுபடி கேட்கவில்லை.

ஒன்று சொன்னாள், அதை எழுதத்தான் வேண்டும். "அவருக்கு ஜெயிக்கணும் ஹ்யூகோ. அவர் ஜெயிச்சுட்டு வர்ற வரைக்கும் நான் இருக்க மாட்டேன். அவர் மேல கோவம் இல்லைன்னு சொல்லு." கம்பளியை இழுத்துவிட்டுக்கொண்டு, "கொஞ்சம் இருக்குன்னு சொல்லு" என்றாள்.

இப்போது அவனுக்கு இடது பக்கம் இருக்கிறாள். சுவர் அவர்களைச் சுற்றிப் போகிறது.

உன் படங்கள் தெளிவாக இருக்கின்றன. போய் வில்ஹெல்ம் தாத்தாவின் கல்லைப் பார்த்தேன். 1841 தான். நீ சொன்னது சரி. அதைப் படித்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. சுவர் அதற்குள் நகர்ந்துவிட்டிருந்தது.

ஹ்யூகோ


வீஸன்டோர்ஃப்
14 மார்ச் 1959

ஹ்யூகோ,

தந்தி டோராவிடம் இருந்தது. விடுதிக்காரன் அவளிடம் கொடுத்திருக்கிறான். நான் புகைப்படங்களோடும் பாதிரியார் கையெழுத்தோடும் வாசலுக்கு வந்தபோது அவள் வெளியே நின்றாள். அதை நீட்டினாள்.

இரண்டு நாள் கழித்து அவளைத் தேன்கூடுகளுக்குப் பக்கத்தில் பார்த்தேன். ஒவ்வொரு கூட்டையும் விரல் முட்டியால் தட்டி, குனிந்து என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். வீட்டில் சாவு விழுந்தால் தேனீக்களிடம் சொல்ல வேண்டுமாம், இல்லாவிட்டால் பறந்துவிடுமாம். "யார் செத்துட்டாங்கன்னு சொன்னே?" என்றேன். "ஓல்டிங் வீட்டுப் பொம்பள செத்துட்டான்னு. அவளுக்கும் அந்தப் பேரு இருந்துச்சுல்ல?" லியோனாவை டோரா பார்த்ததே இல்லை.

உன் கடிதத்தைப் பல தடவை படித்தேன். நன்றி சொல்வேன் என்று எதிர்பார்த்திருந்தால் ஏமாந்துபோவாய். ஜனவரியில் நான் கேட்டேன். நீ அப்பாவின் கை, ரத்தம், அத்தையின் வளர்ப்புப் பெண் என்றாய். ஆதாரம் கொண்டுவா என்றாய். நான் கடலைத் தாண்டினேன். அவள் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள், நீ ஆதாரமே இல்லாமல் சுவரைப் பிரித்தாய். அப்படியானால் என்னை எதற்கு அனுப்பினாய்? உன்னால் முடியும் என்று உனக்குத் தெரிந்திருந்தது. நான் கேட்டதால் மறுத்தாய். வேறு எவன் கேட்டிருந்தாலும் செய்திருப்பாய்.

அவளுக்கு நான் எழுதவில்லை என்கிறாய். என்ன எழுதுவது? இன்னும் கிடைக்கவில்லை என்றா? கிடைத்ததும் எழுத வேண்டும் என்று இருந்தேன். கிடைத்தது. உனக்கு எழுதினேன். எல்லாம் அவளுக்காகத்தான். உனக்கு அது புரியாது. அவளுக்குப் புரிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். 'கொஞ்சம் இருக்கு' என்று நீ எழுதாமல் விட்டிருக்கலாம். நீ ஒரு சொல்லைக்கூட விட மாட்டாய், அதுவும் எனக்கு வலிக்கும் என்றால்.

பாதிரியாரின் கையெழுத்து மேசை மேல் கிடக்கிறது. சிவப்பு முத்திரையோடு. யாரிடம் காட்டுவது?

குஸ்டாவ் என்னை இங்கேயே இருக்கச் சொல்கிறார். உதவிக்கு ஆள் இல்லை, பேசாமல் இருங்கள் என்கிறார். "ஏற்கனவே ஓல்டிங்தானே, பேரு மாத்தற வேலையும் இல்ல." டோரா அவரை முறைத்தாள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அவளிடம் சொன்னதை எனக்குச் சொல். அந்தப் பையனுக்கு நான்தான் அப்பா. அந்தக் காலையில் என்ன நடந்தது? விசிறி ஓடவில்லையா? நீ அவனை அனுப்பினாயா, அவனே இறங்கினானா? நீ அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாயா? இதை நீ எனக்கு எழுதாவிட்டால் நான் அந்தச் சுவருக்குள் என்றைக்கும் கால் வைக்க மாட்டேன். செத்த பிறகும்.

எர்வின்


ஓல்டிங் பண்ணை
24 மார்ச் 1959

அண்ணா,

எழுத மாட்டேன்.

சுவர் இன்னும் முடியவில்லை. வட்டம் பெரிதாகிவிட்டது, பழைய கல் போதவில்லை. ஓடைப்பக்கம், அண்ணிக்கு அந்தப் பக்கம், ஓர் ஆள் படுக்கிற நீளத்துக்குத் திறந்து கிடக்கிறது. ஓடையில் கல் இருக்கிறது. பெரிய கற்கள். ஒருவன் தூக்கினால் இன்னொருவன் அடியில் சப்பைக்கல் கொடுக்க வேண்டும். நான் தனியாக இரண்டு தடவை முயன்றேன், விரல் நசுங்கியதுதான் மிச்சம். வேலையாளைக் கூப்பிடலாம். கூப்பிடவில்லை.

கிடாரிகள் அந்த இடைவெளி வழியாக உள்ளே போய்விடுகின்றன. புதுமண் மேல் புல் முளைக்க ஆரம்பித்திருக்கிறது, அவற்றுக்கு அதன் மேல் ஆசை. முன்னெல்லாம் அந்தப் பக்கமே போகாதவன் இப்போது காலையிலும் சாயங்காலமும் அங்கே நின்று மாடு விரட்டிக்கொண்டிருக்கிறேன்.

அண்ணியின் நாற்காலியை எடுக்கவில்லை. மழையில் நனைந்து கால் ஒன்று ஆடுகிறது. நீ கேட்டதை உட்கார்ந்து கேள். நான் நின்றுகொண்டு சொல்கிறேன். கேட்ட பிறகு என்னை என்ன செய்ய வேண்டுமானாலும் செய். வக்கீலைக் கூட்டி வந்தாலும் சரி.

அந்த முத்திரை போட்ட காகிதத்தை அங்கேயே விட்டுவிட்டு வா.

ஹ்யூகோ